ராஸ்பெர்ரி பையில் பாட்டு: சவுண்ட் கார்டு தேடிய கதை

ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினியின் போர்டில் ஹெட்ஃபோன் மாட்ட ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு வயர் போட்டால் பாட்டு வரும். சமையலறையில் ரேடியோ மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்க அது தாராளமாகப் போதும். கச்சேரி கேட்பவர்களுக்குத்தான் சிக்கல். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா மட்டும் கேட்க வேண்டும். அங்கே தம்புராவோடு சேர்ந்து ‘ஸ்ஸ்’ என்று இன்னொரு சுருதியும் நிற்கும். ஹார்டு டிஸ்கில் எதையாவது தேடினால் அந்த இரைச்சல் கொஞ்சம் நிறம் மாறும். அதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் காது அங்கேயே போய் நிற்கிறது.

காரணம் எளிது. அந்தத் துளைக்குப் பின்னால் முறையான டாக் சிப், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப், கிடையாது. பிராசஸரிலிருந்து வரும் பல்ஸ்களின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, அதை ஒரு சின்ன வடிகட்டி வழியாக விட்டு ஒலியாக்குகிறார்கள். கிடைக்கும் துல்லியம் ஏறத்தாழ 11 பிட். சிடியில் இருப்பது 16 பிட். பை 5 வந்தபோது அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். பை ஸீரோவில் முதலிலிருந்தே இல்லை. ஆக பையில் பாட்டு கேட்பதென்றால் சவுண்ட் கார்டு ஒன்று தேவை. அதை எந்த வழியாகச் சேர்ப்பது என்பதில்தான் என் நேரமெல்லாம் போனது.

வீட்டில் இருந்தது அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர், தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக மாற்றி வைத்த சிடிகள். எனக்குத் தேவைப்பட்டது ஆம்ப்புக்குப் பின்னால் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு டப்பா. திரை வேண்டாம், ஃபேன் வேண்டாம். போனிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலில் கை போனது பரணில் கிடந்த பிசிஐஇ சவுண்ட் கார்டின் மேல், அதாவது டெஸ்க்டாப்பின் உள் ஸ்லாட்டில் மாட்டும் கார்டு. பழைய டெஸ்க்டாப்பைக் கழித்தபோது எடுத்து வைத்தது. அந்தக் காலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியது, நல்ல டாக் சிப்கள், லினக்ஸில் அதற்கு டிரைவரும் பல வருடமாக இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் பை 4-இன் இன்னொரு வடிவமான கம்ப்யூட் மாட்யூல் 4-ம் அதை மாட்டும் ஐஓ போர்டும் இருந்தன. 2020 கடைசியில் வந்த அந்த ஐஓ போர்டில் நிஜமான பிசிஐஇ ஸ்லாட் ஒன்று உண்டு, தரவு போக ஒரே பாதைதான். சவுண்ட் கார்டுக்கு அதுவே மிக அதிகம்.

மாட்டியவுடன் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. அந்த ஸ்லாட்டுக்கு 12 வோல்ட் தேவை. போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால்தான் அது கிடைக்கும். போதாததற்கு, கார்டின் ஓரத்தில் ஃப்ளாப்பி டிரைவுக்குக் கொடுப்போமே, அந்தச் சின்ன நான்கு பின் பவர் கனெக்டர் வேறு. ஸ்லாட்டிலிருந்து வரும் கரண்டை நம்பாமல், கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு அது. டெஸ்க்டாப்பில் யாரும் கவனிக்காத விஷயம். உள்ளங்கை அளவு போர்டுக்கு ஒரு முழு எஸ்எம்பிஎஸ்ஸைக் கட்டி இழுப்பது எனக்கே சிரிப்பாக இருந்தது. சரி, சோதித்துத்தான் பார்ப்போமே என்று மாட்டினேன்.

மாட்டிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் கார்டு அழகாகத் தெரிந்தது. பெயர், மாடல் எல்லாம் சரி. நண்பருக்கு ஒரே குஷி: “பாருங்க, கண்டுபிடிச்சிடுச்சு!” ஆனால் பாட்டை ஓட்டும் ஏபிளே கட்டளையைக் கேட்டால் அப்படி ஒரு கார்டே இல்லை என்றது. அவருடைய லினக்ஸின் மையமான கெர்னலில் அந்த டிரைவர் மாட்யூல் இல்லை. கெர்னலைத் தொகுத்துச் சேர்த்தோம். மாட்யூல் ஏறியது, கார்டு எழும்பவில்லை. கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் தேடினால், கார்டு கேட்ட முதல் முகவரிப் பகுதிக்கு இடம் ஒதுக்க முடியவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பகுதி ஐஓ வகை.

அந்த ஒரு வரிதான் விஷயம். இன்டெல் வகைப் பிராசஸர்களில் நினைவகத்துக்கு ஒரு முகவரி உலகம், ஐஓ (உள்ளீடு-வெளியீடு) போர்ட்களுக்கு இன்னொரு தனி உலகம். போர்ட்டோடு பேசத் தனிக் கட்டளைகளும் உண்டு. பிசிஐ காலத்து சிப்கள் பலவும் இதை நம்பி வடிவமைக்கப்பட்டவை. என் கார்டும் அப்படித்தான்: தலைமைச் சிப் பிசிஐக்காகச் செய்தது, அதை பிசிஐஇ ஸ்லாட்டில் உட்கார வைக்க நடுவே ஒரு பாலச் சிப். பையில் இருக்கும் ஆர்ம் பிராசஸருக்கு அந்தப் போர்ட் கட்டளைகளே கிடையாது. பதிலுக்கு, போர்டின் பிசிஐஇ கன்ட்ரோலர் நினைவக முகவரிகளில் ஒரு துண்டை ஐஓவுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். ஆர்கே 3399 போன்ற வேறு ஆர்ம் சிப்களின் விவரக் கோப்பைத் திறந்தால் அப்படி ஒரு மெகாபைட் ஒதுக்கியிருப்பது தெரியும். பையில் அந்த ஒதுக்கீடு இல்லை. மென்பொருளில் எதைத் திருத்தினாலும் அந்த வகைக் கார்டு பையில் பேசாது.

ஸ்லாட் கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது: எல்எஸ்பிசிஐயில் தெரிவதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கட்டளைக்குப் பின்னால் சின்ன வி சேர்த்து ஒரு டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். கார்டுக்கு நினைவகப் பகுதி இருக்கிறதா, ஐஓ போர்ட் மட்டும்தானா என்று அதிலேயே வந்துவிடும். ஐஓ மட்டும் என்றால் பைக்கு ஆகாது. நினைவகப் பகுதி இருந்தால் அடுத்த கேள்வி, உங்கள் கெர்னலில் டிரைவர் இருக்கிறதா என்பது. பை 5-இல் இன்னொன்றும் உண்டு. அதன் பிசிஐஇ இணைப்பு ஸ்லாட்டாக வருவதில்லை. ஒரு சின்ன ரிப்பன் கேபிள் கனெக்டர், அதற்கு மேல் ஒரு அடாப்டர், அதற்கு மேல் கார்டு, பவருக்குத் தனி வயர். மேசையில் பரப்பி வைத்து விளையாட நன்றாக இருக்கும். ஹாலில் வைக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை: புதிதாக வந்த ஸ்லாட் கார்டுகள் சிலவற்றில் உள்ளே இருப்பது ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரும் அதன் பின்னால் ஒரு யூஎஸ்பி ஆடியோ சிப்பும்தான். பிசிஐஇ வாசல் வழியாக நுழைந்து யூஎஸ்பியில் போய் முடிகிறது. அதற்கு நேராக ஒரு யூஎஸ்பி டாக் வாங்கிச் செருகிவிடலாமே.

செருகலாம். பை 4-இலும் 5-இலும் யூஎஸ்பி டாக் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது, டிரைவர் தேட வேண்டியதில்லை. பழைய பைகளை வைத்துக்கொண்டு யூஎஸ்பி ஆடியோ படபடக்கிறது என்று சொல்பவர்களை நம்பலாம். பை 3 வரை யூஎஸ்பியும் லேன் கேபிளும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பகிர்ந்துகொண்டன. ஹார்டு டிஸ்க், நெட்வொர்க், பாட்டு மூன்றும் அந்த ஒரே பாதையில் முட்டிக்கொள்ளும். பை 4-இல் லேனுக்குத் தனி வழி வந்துவிட்டது, யூஎஸ்பி 3 சிப் பிசிஐஇ பாதையில் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் ஏற்கெனவே நல்ல யூஎஸ்பி டாக் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்காமல் அதையே செருகிப் பாட்டு கேட்கலாம். என்னிடம் இல்லை. டப்பாவுக்கு வெளியே இன்னொரு டப்பா தொங்குவதும் பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது போர்டின் தலையில் நிற்கும் 40 பின்கள். பையின் உண்மையான சவுண்ட் கார்டு ஸ்லாட் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பின்களில் சிலவற்றில் ஐ2எஸ் என்ற இணைப்பு வெளியே வருகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வகுத்தது. சிடி பிளேயருக்குள் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் வழி. மூன்றே கம்பி: பிட் கடிகாரம், இடதா வலதா என்று சொல்லும் கடிகாரம், தரவு. பையில் இவை முறையே 12, 35, 40-ஆம் பின்கள். 38-ஆம் பின் உள்ளே வரும் ஒலிக்கு. பாட்டு கேட்க மட்டும் என்றால் அது தேவைப்படாது. 2014-இல் பி பிளஸ் போர்டோடு இந்த 40 பின் அமைப்பு வந்தது. கூடவே ஹேட் என்ற விதிமுறையும் வந்தது: போர்டின் மேல் தொப்பி போல் உட்காரும் கார்டு, நான்கு மூலையில் திருகுத் துளை, தான் யாரென்று பையிடம் சொல்ல ஒரு குட்டி நினைவுச் சிப்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்டால் இந்த வழியில் இரண்டு விதமான சரக்கு கிடைக்கும். ஒன்று முறையான ஹேட் கார்டுகள், சில ஆயிரம் ரூபாய். இன்னொன்று பிசிஎம் 5102ஏ சிப் போட்ட சின்ன போர்டு, சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கடைக்காரர் அந்தச் சின்னதைக் கையில் வைத்து, “சார், இதையே போடுங்க. சிப் நல்ல சிப். சால்டரிங் மட்டும் தெரியணும்” என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்தது, விவரத்தாளில் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 112 டெசிபெல் என்று போட்டிருக்கிறார்கள், 2.1 வோல்ட் வெளியீடு. சாதாரண சிடி பிளேயர் ஆம்ப்புக்குக் கொடுப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டையும் வாங்கி வந்தேன்.

சின்ன போர்டில் சத்தமே வராமல் தவிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வயரிங் எல்லாம் சரியாக இருக்கும், ஏபிளே பிழை எதுவும் சொல்லாமல் ஓடி முடியும், ஸ்பீக்கரில் மட்டும் மௌனம். பார்க்க வேண்டியது இரண்டு இடம். முன்பக்கம் எஸ்சிகே என்று எழுதிய பின்னுக்கு அருகில் இரண்டு சின்னச் செப்புத் திட்டுகள் இருக்கும். அவற்றை ஒரு துளி ஈயத்தால் இணைத்து எஸ்சிகேயைத் தரையோடு (கிரவுண்ட்) சேர்க்க வேண்டும். பை அந்தத் தலைமைக் கடிகாரத்தை அனுப்புவதில்லை. பின்னைத் தரையோடு சேர்த்தால்தான், ‘சரி, பிட் கடிகாரத்திலிருந்து நானே உண்டாக்கிக்கொள்கிறேன்’ என்று சிப் தன் உள் வசதியைப் பயன்படுத்தும். அந்தரத்தில் விட்டால் இரைச்சலோ மௌனமோ, அதன் இஷ்டம். பின்பக்கம் நான்கு இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மேல், கீழ் என்று இரண்டு நிலை. ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் கீழ். மூன்றாவது மட்டும் மேல். அந்த மூன்றாவதுதான் மௌனச் சுவிட்ச். அது கீழே இருந்தால் சிப் வாயைத் திறக்காது. சில போர்டுகளில் இவை இணைத்தே வரும், சிலவற்றில் வராது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

வயர் நீளம் பற்றி ஒன்று. பெண் கனெக்டர் போட்ட ரெயின்போ வயர்கள் வசதியானவை. ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு விட்டால் அவ்வப்போது ‘டிக்’ என்று ஒரு கீறல் விழுகிறது. விரல் நீளத்துக்கு வெட்டி, தரைக் கம்பியைக் கடிகாரக் கம்பியோடு ஒட்டி ஓட விட்டதும் போய்விட்டது. ஹேட் கார்டில் இந்தத் தொல்லையே இல்லை, நேராகப் பின்னில் உட்காருகிறது. காசு அதற்கும் சேர்த்துத்தான்.

மென்பொருள் பக்கம் வேலை குறைவு. பையின் கான்ஃபிக் கோப்பில் ஒரு ஓவர்லே வரி, அதாவது எந்தக் கார்டு மாட்டியிருக்கிறது என்று பைக்குச் சொல்லும் வரி. 2023 அக்டோபரில் வந்த, பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ளடைவுக்கு இடம் மாறிவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து வெளியே ஒரு புதுக் கோப்பு உண்டாக்கி, அதில் எழுதிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 5102 போர்டுக்கு ஹைஃபைபெர்ரி-டாக் என்ற ஓவர்லே, 5122 சிப் உள்ள கார்டுகள் பலவற்றுக்கு ஹைஃபைபெர்ரி-டாக்பிளஸ். கார்டு அந்த நிறுவனத்துடையதாக இருக்க வேண்டியதில்லை. சிப்பும் இணைப்பும் ஒன்றாக இருந்தால் போதும். முறையான ஹேட் என்றால் நினைவுச் சிப்பே ஓவர்லேயைச் சொல்லிவிடும், நீங்கள் எழுத வேண்டியதும் இல்லை. எழுதும்போது எல்லாம் ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல்.

பிறகு பையின் சொந்த ஆடியோவை அணைத்து விடுங்கள். ஹெட்ஃபோன் துளைக்கு ஒரு வரி, எச்டிஎம்ஐ ஆடியோவுக்கு வீடியோ ஓவர்லே வரியின் கடைசியில் நோஆடியோ என்று ஒரு சொல். இதைச் செய்யாவிட்டால், டிவியோடு இணைத்துப் பை எழும்பும் நாளில் ஒரு வரிசை, இணைக்காத நாளில் இன்னொரு வரிசை என்று கார்டு எண் மாறலாம். நேற்று பாடியது இன்று பாடாது. இதையும் தாண்டிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பிளேயர் அமைப்பில் கார்டு எண்ணைக் கொடுக்காமல் கார்டின் பெயரைக் கொடுங்கள்.

5102-க்கும் 5122-க்கும் காதில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. கையாள்வதில் வித்தியாசம் உண்டு. 5102 போர்டில் வால்யூம் கட்டுப்பாடே இல்லை. மென்பொருளில் குறைக்க வேண்டும் அல்லது ஆம்ப்பில் குறைக்க வேண்டும். 5122-ஓடு ஐ2சி என்ற கட்டளை இணைப்பு வழியாகப் பேசி வால்யூம் மாற்றலாம். வால்யூம் மாற்றும் அல்சாமிக்ஸர் கருவியில் டிஜிட்டல் என்ற பெயரில் ஒரு தண்டு தெரியும். அந்தச் சிப்பால் 24 டெசிபெல் வரை ஏற்றவும் முடியும். வழக்கமான ஓவர்லே அதை 0 டெசிபெல்லில் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு சொல் உண்டு. சத்தம் போதவில்லை என்று அதைத் திறந்தால் மிருதங்கத்தின் தொப்பி அடி உடைந்து ‘பட்’ என்று கேட்கும். ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் வால்யூம் குறைப்பது பாவம் என்று பயப்படத் தேவையில்லை. 16 பிட் பாட்டை 24 பிட் வெளியீடாக மாற்றிவிட்டுக் குறைத்தால் தொலைவது ஒன்றும் இல்லை. நான் பாட்டு ஓட்டும் எம்பிடி பிளேயரின் அமைப்புக் கோப்பில் வெளியீட்டு வடிவத்துக்கு ஒரே ஒரு வரி போட்டால் ஆயிற்று.

அடுத்தது கடிகாரம். இதைப் பற்றி விளம்பரங்களில் படித்தால் தலை சுற்றும். கணக்காகப் பார்த்தால் எளிது. சிடி பாட்டு நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் இடதில் 32 பிட், வலதில் 32 பிட் என்று அனுப்பினால் பிட் கடிகாரம் 2.8224 மெகாஹெர்ட்ஸில் துடிக்க வேண்டும். பை 4-இல் துடிப்பைத் தரும் படிகம் 54 மெகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய பைகளில் 19.2. 54-ஐ 2.8224-ஆல் வகுத்தால் 19.13 சொச்சம். சொச்சத்தால் வகுக்கும் சுற்று இல்லை. சில தடவை 19-ஆல், சில தடவை 20-ஆல் வகுத்துச் சராசரியில் சரிக்கட்ட வேண்டும். தாளம் மொத்தத்தில் சரியாக வரும், ஆனால் அடிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே விழும். விலை கூடிய கார்டுகளில் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு படிகங்கள் இருக்கும். முதலாவதை 8-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 2.8224. இரண்டாவதை 8-ஆல் வகுத்தால் 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு வேண்டிய 3.072. அப்படிப்பட்ட கார்டில் தாளம் போடுவது கார்டு. பை அதற்குப் பின்னால் போகிறது.

இது காதுக்குத் தெரியுமா? என் மருமகனைக் கார்டுகளை மாற்றச் சொல்லிவிட்டு, நான் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். எந்தக் கார்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. “மாமா, நீங்க சும்மா ஊகிக்கிறீங்க” என்றான், ஊகித்துக்கொண்டுதான் இருந்தேன். ஹெட்ஃபோன் துளைக்கும் எந்த டாக் கார்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் முதல் தம்புரா மீட்டலிலேயே இருவரும் சொல்லிவிட்டோம். அதனால் என் சிபாரிசு: இருக்கிற காசில் முதலில் ஏதாவது ஒரு ஐ2எஸ் டாக். இரட்டைப் படிகக் கார்டு, காசு உபரியாக இருந்தால், கணக்கு சரியாக இருக்கிறதே என்ற மன நிறைவுக்கு. அந்த நிறைவையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காகவே ஒன்று வைத்திருக்கிறேன்.

கடிகாரத்தைவிட முக்கியமாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பாட்டு அதன் சொந்த வேகத்தில்தான் கார்டுக்குப் போகிறதா? பல வசதி மென்பொருள்கள் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றிவிட்டு அனுப்பும், நம்மிடம் சொல்லாது. பாட்டு ஓடும்போது ப்ராக் அடைவில் அசவுண்ட் பகுதிக்குள் உங்கள் கார்டின் கீழே எச்டபிள்யூ பாராம்ஸ் என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். 44100 என்று இருந்தால் சரி. பிளேயரின் வெளியீட்டை எச்டபிள்யூ என்று தொடங்கும் நேரடிச் சாதனத்துக்குக் கொடுத்தால் நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

கச்சேரி சிடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனித் தடமாக வெட்டப்பட்டிருக்கும், ஆனால் இசை நிற்காமல் ஓடும். சில பிளேயர்கள் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கணம் மூச்சு நிறுத்தும். எம்பிடி ஃப்ளாக் கோப்புகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடுகிறது. நான் அதிலேயே நின்றுவிட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இவ்வளவும் சரியான பிறகு எனக்கு வந்தது ‘ம்ம்ம்’ என்ற உறுமல். இது டாக் கார்டின் குறை என்று எண்ணிக் கார்டை மாற்றுவோர் பலர். நான் செய்த சோதனை இது: பையை அடாப்டரிலிருந்து கழற்றி, மொபைலுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கில் மாட்டினேன். உறுமல் போனது. அப்படியென்றால் கார்டு சுத்தம். தரை இணைப்பில் ஒரு வளையம் இருக்கிறது. அடாப்டர் வழியாக ஒரு தரை, ஆம்ப் வழியாக இன்னொரு தரை, நடுவில் ஆர்சிஏ வயரின் வெளிக்கூடு இரண்டையும் சேர்க்கிறது. 50 ஹெர்ட்ஸ் அதில் சுற்றி வருகிறது. என் வீட்டில் உண்மையான குற்றவாளி டிவிக்குப் போன எச்டிஎம்ஐ கேபிள். டிவியில் டிஷ் வயர், டிஷ் மொட்டை மாடியில். எச்டிஎம்ஐயைப் பிடுங்கியதும் பாதிக்கு மேல் அடங்கியது. இசை டப்பாவுக்குத் திரை எதற்கு? மிச்சத்துக்கு ஆம்ப்பையும் பையையும் ஒரே சுவிட்ச் பலகையில் மாட்டினேன். அப்படியும் போகாதவர்களுக்கு ஆர்சிஏ வயரின் நடுவில் போடும் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆம்ப்பின் மூன்றாவது பின்னைப் பிடுங்கி எறிவது மட்டும் வேண்டாம். உறுமல் போகும், உயிருக்கும் காப்பு போகும்.

அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மொபைல் சார்ஜரில் பை எழும்பும், பாடும். டிஸ்க் சுழலும் நேரத்தில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை தன்னையே மெதுவாக்கிக்கொள்ளும், பாட்டு தட்டும். பையின் நிலையைச் சொல்லும் விசிஜென்கமாண்ட் கருவியில் த்ராட்டில் நிலையைக் கேட்டால் வெறும் பூஜ்யம் வர வேண்டும். 5-இல் தொடங்கும் எண் வந்தால், எழும்பியதிலிருந்து எப்போதோ ஒருமுறையாவது கரண்ட் போதாமல் திணறியிருக்கிறது என்று பொருள். பை 4-க்கு 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். ஹார்டு டிஸ்குக்குத் தனி பவர் கொடுத்தால் இன்னும் நல்லது. வைஃபையில் பாட்டு நடுநடுவே நின்றால் முதலில் அதன் மின் சேமிப்பை அணையுங்கள். முடிந்தால் லேன் கேபிளுக்கே போய்விடுங்கள்.

ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுக்க ஆம்ப்போடு சேர்ந்த ஹேட்களும் வருகின்றன. ஐக்யூஆடியோ என்ற பெயரில் விற்றுவந்த கார்டுகளை 2020-இல் ராஸ்பெர்ரி பை நிறுவனமே வாங்கிக்கொண்டது. அதில் ஒன்று டிஜிஆம்ப் பிளஸ். 12 முதல் 24 வோல்ட் அடாப்டரை ஹேட்டில் கொடுத்தால் பைக்கு வேண்டிய கரண்டையும் அதுவே தருகிறது. ஆம்ப் இல்லாத வீட்டுக்கு அது நல்ல வழி. அதற்கு யூஎஸ்பி பவரையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே வாசல் போதும்.

அப்பாவுக்குப் போனில் பாட்டு தேடுவது பிடிக்கவில்லை, ரிமோட் வேண்டும் என்றார். டிவி ரிமோட்டைப் பிடிக்கும் மூன்று கால் சென்சார் ஒன்று போட்டேன். போட்டவுடன் பாட்டு நின்றது. ரிமோட்டுக்கான ஐஆர் ஓவர்லே எதுவும் சொல்லாவிட்டால் ஜிபிஐஓ 18-ஐ எடுத்துக்கொள்கிறது (ஜிபிஐஓ எண் சிப்பின் கணக்கு, பின் எண் போர்டின் கணக்கு). ஐ2எஸ்ஸின் பிட் கடிகாரமும் அதே 18, அதாவது 12-ஆம் பின். ஓவர்லே வரியில் வேறு ஜிபிஐஓ எண்ணைக் கொடுத்ததும் இரண்டும் சமாதானமாயின. நான் கொடுத்தது 17. வேகம் மாற்றும் ஃபேன்களிலும் சில இதே 18-ஐக் கேட்கும். கார்டுக்கு மேல் எதைச் சேர்த்தாலும் 18, 19, 20, 21 நான்கையும் தொடாமல் விட வேண்டும். 5122 கார்டென்றால் ஐ2சிக்கு உரிய 2-ம் 3-ம் அதற்கு வேண்டும், அவற்றில் வேறு ஐ2சி சாதனங்கள் சேரலாம், சுவிட்ச் போன்றவை கூடாது. பை 5-இல் பெரிய குளிர்விப்பான் இருப்பவர்கள் பின் நீட்டிப்பும் உயரமான எம் 2.5 தூண்களும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கார்டு உட்காராது.

எங்கள் பகுதியில் மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையை (முன்பு சொன்ன ஓவர்லே வேறு, இது வேறு) இயக்கிவிட்டால் எழுதுவதெல்லாம் நினைவகத்தோடு போய்விடும், எஸ்டி கார்டு தொடப்படாது. புதுப் பாட்டு சேர்த்துப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது மட்டும் அதை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அது தொல்லை என்றால் பைகோர்பிளேயர் என்ற மென்பொருள் இருக்கிறது. டைனிகோர் லினக்ஸின் மேல் கட்டியது, மொத்தமாக நினைவகத்தில் ஏறி ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் பிளக்கைப் பிடுங்கலாம். மாமியார் வீட்டுக்குச் செய்துகொடுத்த டப்பாவில் அதைத்தான் போட்டேன்: பை ஸீரோ, ஈயம் வைத்த 5102 போர்டு, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பழைய பவர்டு ஸ்பீக்கர் ஜோடி. அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர், பிறகு பை. போடும்போது முதலில் பை, கடைசியில் ஸ்பீக்கர். மாற்றிச் செய்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். சுவிட்ச் பலகையில் 1, 2 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.